உஷார்! கதவைச் சாத்தச் சொல்கிறதா 'போலீஸ்'?

"ரூமுக்குள்ள போங்க. கதவைத் தாழ்ப்பாள் போடுங்க. கேமராவை ஆஃப் பண்ணக் கூடாது. வீட்ல யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது."

வீடியோ காலில் காக்கிச் சட்டைக்காரன் ஒருவன் இப்படிச் சொன்னால் அந்த நொடியே இணைப்பைத் துண்டியுங்கள். அவன் போலீஸ் இல்லை. 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று ஒரு கைது இந்தியச் சட்டத்தில் எங்குமே கிடையாது. ஆனாலும் 2024 ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான நான்கே மாதத்தில் இந்தப் பெயரில் பறிபோன பணம் 120 கோடி ரூபாய் என்று மத்திய அரசின் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் கணக்குச் சொன்னது. அந்த அக்டோபரில் பிரதமரே 'மன் கீ பாத்'தில் எச்சரித்தார். ஆனாலும் இந்த அழைப்புகள் நின்றபாடில்லை.

தாணே, முலுண்ட், டோம்பிவிலி பக்கத்து நம்மவர் வீடுகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ரிட்டயர் ஆன அப்பா, அம்மா. பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் எஃப்.டி.யில். பிள்ளைகள் நியூ ஜெர்சியிலோ பெங்களூரிலோ. கோட்பந்தர் ரோடு டவரில் பதினெட்டாவது மாடி, எதிர் ஃப்ளாட்காரர் பெயர்கூடத் தெரியாது. திருடனுக்கு இதைவிட வாகான இடம் கிடைக்காது.

"நான் பேங்க்ல முப்பது வருஷம் குப்பை கொட்டினவன், என்கிட்டயா?" என்கிறீர்களா? லூதியானா வர்த்தமான் ஜவுளிக் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால் பத்மபூஷண் வாங்கியவர், வயது எண்பதைத் தாண்டியவர். 2024 ஆகஸ்டில் அவருக்கு வீடியோவில் ஒரு போலி உச்ச நீதிமன்ற விசாரணையையே நடத்திக் காட்டி, தலைமை நீதிபதியாக ஒருவனை நடிக்கவும் வைத்து, 7 கோடி ரூபாயைக் கறந்தார்கள். படிப்பும் அனுபவமும் இங்கே செல்லுபடியாகவில்லை. ஏன்?

1961-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். சாதாரண மனிதர்களைக் கூப்பிட்டு ஒரு மெஷின் முன்னால் உட்கார வைத்தார். பக்கத்து அறையில் இருப்பவர் தப்பாகப் பதில் சொன்னால் ஷாக் கொடுக்க வேண்டும். 15 வோல்ட்டில் ஆரம்பித்து, பதினைந்து பதினைந்தாக ஏறி, 450 வரை 30 ஸ்விட்சுகள். கரண்ட் பொய், பக்கத்து அறைக் கதறலும் நடிப்பு. ஸ்விட்சைத் தட்டியவருக்கு அது தெரியாது. கோட் போட்ட ஒருவர் அருகில் நின்று "தொடருங்கள்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். 40 பேரில் 26 பேர் கடைசி ஸ்விட்ச் வரை போனார்கள். வியர்த்தார்கள், நடுங்கினார்கள், ஆனாலும் போனார்கள்.

நம்மைக் காப்பாற்றும் சேதி, மில்கிராம் பிறகு மாற்றி மாற்றிச் செய்த சோதனைகளில் இருக்கிறது. கோட்டுக்காரர் அறையை விட்டுப் போய் ஃபோனில் உத்தரவு போட்டபோது, கடைசிவரை பணிந்தவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தார்கள். கூட உட்கார்ந்திருந்த இரண்டு பேர் "எங்களால் முடியாது" என்று எழுந்தபோதோ, 40 பேரில் வெறும் 4 பேர்தான் பணிந்தார்கள். மனிதர்கள் அதே ரகம்தான். சூழ்நிலை மாறியது, நடத்தையும் மாறிவிட்டது.

இப்போது அந்த மோசடிக் காலைப் பாருங்கள். முதலில் ரெக்கார்டட் குரல்: "உங்கள் நம்பர் துண்டிக்கப்படும், ஒன்பதை அழுத்துங்கள்." அல்லது "மும்பையிலிருந்து உங்கள் பேரில் போன பார்சலில் போதை மருந்து சிக்கியிருக்கிறது." அடுத்து, ஆதார் எண்ணைச் சரிபார்க்க வேண்டுமாம். அடுத்து வீடியோவுக்கு வர வேண்டுமாம். பிறகு பேங்க் பேலன்ஸ். கடைசியில், "ரிசர்வ் பேங்க் செக் பண்ணிட்டுத் திருப்பித் தந்துடும், இந்தக் கணக்குக்கு மாத்துங்க." ஒவ்வொரு படியும் சின்னது. முந்தின படிக்குத் தலையாட்டியவருக்கு அடுத்ததை மறுக்க நா எழுவதில்லை. வெறும் குரலில் பிடி தளரும் என்பதால்தான் யூனிஃபார்ம், பின்னால் அசோகச் சின்னம், மணிக்கணக்கில் அணையாத கேமரா. பக்கத்தில் ஒருவர் இருந்தாலே ஆட்டம் கலைந்துவிடும் என்பதால்தான் தாழ்ப்பாள்.

இந்த வித்தை நம் தாணே மாவட்டத்துக்குப் புதுசும் இல்லை. 2016 அக்டோபர் முதல் வாரத்தில் தாணே போலீஸ் மீரா ரோடு கால் சென்டர்களில் இரவோடு இரவாகப் புகுந்து 700-க்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தது. அமெரிக்க வருமான வரி அதிகாரி வேஷத்தில், "வரி பாக்கி, இப்போதே கட்டாவிட்டால் கைது" என்று அமெரிக்கர்களை மிரட்டிக்கொண்டிருந்த கூட்டம் அது. லைனைத் துண்டிக்கவிடாமல் கடைக்கு அனுப்பி, கிஃப்ட் கார்டு வாங்கவைத்து, அதன் நம்பரைப் படிக்கச் சொல்வார்கள். இப்படி இந்தியாவிலிருந்து இயங்கிய கும்பல்களிடம் குறைந்தது 15,000 பேர் ஏமாந்ததாக அமெரிக்க நீதித் துறை சொன்னது. ஆக, சட்டையில் ஸ்டார் பார்த்தால் கை கட்டும் நம்மூர்ப் பழக்கம் மட்டும் இதற்குக் காரணமில்லை. மிரட்டித் தனிமைப்படுத்தினால் எந்த ஊர்க்காரரும் மடங்குவார்.

அசல் கைதையும் போலியையும் பிரித்துக்காட்ட ஒரே ஓர் அடையாளம் போதும். 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: கைதுக் குறிப்பில் குடும்பத்தாரோ அந்த வட்டாரத்துப் பெரியவரோ ஒருவர் சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும், கைதானவரின் உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் போக வேண்டும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 36-வது பிரிவும் இதையே கேட்கிறது. அசல் போலீஸ் உங்கள் வீட்டாருக்குச் சொல்லியே ஆக வேண்டும். "யாருக்கும் சொல்லாதே" என்பவன் அந்த ஒரு வாக்கியத்திலேயே மாட்டிக்கொள்கிறான்.

எனவே தடுப்பு மருந்து ஆப்பில் இல்லை, ஆளில் இருக்கிறது. இன்றைக்கே செய்யுங்கள்:

பிள்ளைகளே, அப்பா அம்மாவிடம் சொல்லுங்கள்: "கேஸ், கோர்ட்னு யார் மிரட்டினாலும் முதல்ல எனக்கு ஃபோன் போடுங்க. ராத்திரி ரெண்டு மணி ஆனாலும் சரி. நான் திட்ட மாட்டேன்." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். திட்டுவார்களோ என்ற கூச்சம்தான் பலரை வாயைத் திறக்கவிடாமல் செய்கிறது.

பெரியவர்களே, அப்படி ஒரு கால் வந்தால் கதவைத் திறந்து வெளியே வாருங்கள். எதிர் ஃப்ளாட் பெல்லை அடியுங்கள், வாட்ச்மேனையாவது கூப்பிடுங்கள். இன்னொரு மனிதரிடம் வாய்விட்டுச் சொன்ன மாத்திரத்தில் கதையின் ஓட்டை உங்களுக்கே தெரியும்.

சொசைட்டி செக்ரட்டரிகளே, லிஃப்ட் பக்கத்தில் மராத்தி, ஹிந்தி, தமிழில் ஒரு நோட்டீஸ் ஒட்டுங்கள். தனியாக இருக்கும் மாமாவோ மாமியோ காலையிலிருந்து பால் பாக்கெட்டைக்கூட எடுக்கவில்லை என்றால் கதவைத் தட்டிப் பாருங்கள். பேங்க்கில் இருப்பவர்களே, காதில் ஃபோனோடு பதறிக்கொண்டு எஃப்.டி.யை உடைக்க வருபவரை உட்காரவைத்து இரண்டு வார்த்தை பேசுங்கள்.

சந்தேகக் கால்களை 'சஞ்சார் சாத்தி' தளத்தின் 'சக்ஷு' பகுதியில் புகார் செய்யலாம். பணம் ஏற்கெனவே போய்விட்டதா? எஃப்.ஐ.ஆர். எங்கே போடுவது, மானம் போகுமே, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றெல்லாம் யோசிக்க நேரமில்லை. போன பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிக்கொண்டே இருக்கும். சீக்கிரம் சொன்னால்தான் பேங்க்குகள் அதை வழியில் முடக்க முடியும். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பிறகு உங்கள் பேங்க்குக்கும் பக்கத்து ஸ்டேஷனுக்கும் போங்கள். தனியாகப் போக வேண்டாம்.