கடைத்தெருவையும் படம் பிடிப்போம்!



வரி, லைசென்ஸ், விலைவாசி என்று எழுதப்படும் நம் இதழில் போட்டோவைப் பற்றி எழுத இவருக்கு என்ன வந்தது என்று சிலர் நினைக்கலாம். நான் விருதுநகரில் பருப்பு, மல்லி, வத்தல் மொத்த வியாபாரம் செய்பவன். படிப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு சரி. போட்டோக் கலை எங்கும் கற்றவனும் அல்ல. ஆனால் ஒரு போட்டோ இல்லாமல் போனதால் நான் பட்ட வெட்கம் ஒன்று உண்டு. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் கடையில் 27 வருடம் மூடை சுமந்த ஒருவர் 1999-ம் ஆண்டு திடீரென்று காலமானார். மறுநாள் விடியற்காலையில் அவருடைய மகன் கடை வாசலில் வந்து நின்றான். "முதலாளி, அப்பா போட்டோ ஒண்ணு கடையில இருக்குமா? போஸ்டர் அடிக்கணும்" என்றான்.

"இல்லாமலா போகும்?" என்று சொல்லி பீரோவைத் திறந்தேன். கடைத் திறப்பு விழா ஆல்பம், குடோன் கட்டிய ஆல்பம், வீட்டுக் கல்யாண ஆல்பங்கள் என்று எல்லாவற்றையும் ஒன்று விடாமல் புரட்டினேன். மாலை போட்டவர்களும் மாலை வாங்கிக்கொண்டவர்களும் வரிசையாக நின்றார்கள். அவரைக் காணவில்லை. கடைசியில் ஆயுத பூஜை படம் ஒன்றில், ஓரத்தில், முதுகில் மூடையோடு குனிந்தபடி ஓர் ஆள். மூடை முகத்தை மறைத்துவிட்டது. தெரிந்தது இரண்டு கால்கள்தான்.

வாக்காளர் அடையாள அட்டையில் இருந்த சிறு படத்தைப் பெரிதாக்கிப் போஸ்டர் அடித்தார்கள். எங்கள் கடைச் சுவரிலும் ஒன்று ஒட்டினார்கள். அந்த முகம் அவர் முகமாகவே இல்லை. அவருடைய கையெழுத்து என் சம்பளப் பேரேட்டில் மாதம் தவறாமல் இருக்கிறது. முகம் ஒரு படத்திலும் இல்லை.

காமிரா இல்லாமல் அல்ல

என்னிடம் காமிரா அப்போதே இருந்தது. ஆக்ஃபா கிளிக்-3 என்று ஒன்று. நம்மில் பல வீடுகளில் இருந்ததுதான். வெயில், மேகம் என்று குறிகள் போட்டிருப்பார்கள். ஒரு பிலிமுக்குப் பன்னிரண்டே படம். பிலிம் விலை, கழுவும் கூலி, பிரிண்ட் கூலி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், மூடை இறக்குவதையும் சாக்குத் தைப்பதையும் எடுக்க மனம் வருமா? கல்யாணம், காதுகுத்து, குற்றாலம் இவற்றோடு பிலிம் தீர்ந்துவிடும். பிறகு 36 படம் எடுக்கும் காமிரா வந்தபோதும் பழக்கம் மாறவில்லை. தினம் பார்ப்பதை எதற்கு எடுப்பது என்ற எண்ணம்தான்.

தினம் பார்ப்பது தினமும் இருக்கும் என்று நினைத்தோம். கடைகளில் தொங்கிய தூக்குத் தராசு எங்கே? செய்தித்தாளைக் கிழித்து நொடியில் பொட்டலம் மடித்து, மேலே தொங்கும் நூல் உருண்டையிலிருந்து நூலை இழுத்துச் சுற்றும் கைகள் எங்கே? ஆள் குனிந்து தூக்கிய நூறு கிலோ மூடையும் ஐம்பது கிலோவாகக் குறைந்துவிட்டது. குறைந்தது நல்லதே. ஆனால் நூறு கிலோ சுமந்தவர் எப்படி நடந்தார் என்பதை என் பேரனுக்குக் காட்ட என்னிடம் ஒரு படம் கிடையாது.

மதுரையும் பாரிசும்

லினேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயர் 1858-ல் மதுரைக்கு வந்து மீனாட்சி அம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மஹாலையும் படம் எடுத்தார். அருமையான படங்கள். ஆனால் அவற்றில் ஜனங்கள் மிகக் குறைவு. அந்தக் காலத்துக் காமிராவுக்கு நெடுநேரம் வெளிச்சம் காட்ட வேண்டும். கல் அசையாமல் நின்றது, படத்தில் விழுந்தது. நடந்துபோன மனிதர் நிற்கவில்லை, விழவில்லை. அன்றைக்கு அது கருவியின் குறை. நமக்கு அந்தச் சாக்கு கிடையாது.

பாரிஸ் நகரில் யூஜீன் அட்ஜே என்றொருவர் இருந்தார். பெரிய காமிராவைச் சுமந்துகொண்டு சுமார் முப்பது வருடம் தெருத்தெருவாக அலைந்தார். கடை வாசல்கள், கடைப் பலகைகள், கூடைக்காரர், தெரு வியாபாரி இவர்களையெல்லாம் எடுத்தார். தம்மைக் கலைஞர் என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. ஓவியர்களுக்கும் நூலகங்களுக்கும் படங்களை விலைக்கு விற்றுப் பிழைத்தார். அந்த வகையில் நம் இனம்தான்! அவர் 1927-ல் காலமானார். பழைய பாரிஸின் கடைத்தெரு எப்படி இருந்தது என்று அறிய இன்றைக்கு உலகம் அவர் படங்களைத்தான் பார்க்கிறது. அவற்றில் ஆயிரக்கணக்கானவை 1968-ல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

நான் எடுத்து வருபவை

1999-க்குப் பிறகு கடைத்தெருவை எடுக்க ஆரம்பித்தேன். தெப்பக்குளத்தைச் சுற்றிக் கடைகள் திறக்கும் காலை நேரம். மூடையில் குத்தூசி செருகி எடுத்த உளுந்தை உள்ளங்கையில் பரப்பி, பேசாமல் பார்க்கும் தரகர். மதிய வேளையில் சாக்குக் கட்டின் மேல் அசந்து தூங்கும் பையன். மாசி, பங்குனியில் ஊருக்கு வெளியே வத்தல் காயும் களங்கள். சாத்தூர் சேவுக் கடை அடுப்பு. அருப்புக்கோட்டைத் தறி. பங்குனிப் பொங்கலுக்குக் கடையடைக்கும் அவசரம்.

எடுத்த அன்று எதற்கும் மதிப்பில்லை. 2016 நவம்பரில் வங்கி வாசலில் வரிசையில் நின்ற நம் ஆட்களை எடுத்தேன். 2020 மார்ச் மாதத்துக்குப் பிறகு, கடைக்கு முன்னால் சுண்ணாம்பால் போட்ட வட்டங்களுக்குள் பையும் கையுமாக நின்ற தாய்மார்களை எடுத்தேன். அன்றைக்கு அவை எரிச்சலான காட்சிகள். இன்று அவற்றைப் பார்ப்பவர்கள் "ஆமாம், நாம் இப்படியும் கடை நடத்தினோம்" என்கிறார்கள்.

நான் செய்த தப்பு

எங்கள் குடோன் வாசலில் சிந்திய தானியத்தைக் கூட்டி, முறத்தில் புடைத்து எடுத்துப் போகும் வயதான அம்மா ஒருவர் இருந்தார். 2004-ல் ஒரு நாள் காலை வெயில் சாய்வாக விழ, தூசி பொன்னாகப் பறக்க, அவர் அறியாமல் ஒரு படம் எடுத்தேன். நான் எடுத்ததிலேயே சிறந்த படம் அதுதான். பெரிதாக்கிச் சட்டம் போட்டு, கல்லாவுக்கு மேலே மாட்டினேன். வந்தவர்கள் எல்லாரும் புகழ்ந்தார்கள். எனக்கும் தலை கொஞ்சம் கனத்துவிட்டது.

ஒரு நாள் மாலை அவருடைய மகன் வந்தார். சத்தம் போடவில்லை. "அண்ணாச்சி, எங்கம்மா பொறுக்குறதை எதுக்கு ஊருக்குக் காட்டுறீங்க? என் பொண்ணைப் பார்க்க ஆள் வர்ற நேரம்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அந்த நிமிடமே படத்தைக் கழற்றினேன்.

மறுநாள் அந்த அம்மாவிடமே மன்னிப்புக் கேட்டேன். "எடுக்கப்போறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நல்ல சேலையா கட்டிட்டு வந்திருப்பேனே, மொதலாளி" என்றார். அவ்வளவுதான் அவருடைய கோபம். வெள்ளிக்கிழமை பச்சைச் சேலை கட்டி, பூ வைத்து வந்தார். நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். பக்கத்தில் கிடந்த முறத்தை நான் ஓரமாக நகர்த்தினேன். அவர் அதை எடுத்துத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார். "இது இல்லாம நான் யாரு?" என்று கேட்டார்.

அந்தப் படம் அவர்கள் வீட்டில் இருக்கிறது. என் கடையில் இல்லை. வேலையை மறைக்க அவர் விரும்பவில்லை. தம்மைக் கேட்காமல் எடுத்ததுதான் குறை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு நல்ல படத்தை இழக்க வேண்டியிருந்தது.

சில யோசனைகள்

இன்று எல்லார் சட்டைப் பையிலும் காமிரா இருக்கிறது. பிலிம் செலவும் இல்லை. அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்கிறேன்:

1. முதலில் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். குழந்தைகள் என்றால் பெற்றோரைக் கேளுங்கள்.

2. எடுத்தவருக்கு ஒரு பிரிண்ட் கொடுங்கள். செல்போனில் அனுப்பினால் மட்டும் போதாது. கையில் கொடுப்பதற்குத் தனி மதிப்பு.

3. காலை ஒன்பது மணிக்கு முன்னும் மாலை நான்குக்குப் பின்னும் வெளிச்சம் இதமாக இருக்கும். ஆளைத் தெருப் பக்கம் பார்க்கச் சொல்லி, நீங்கள் தெருப் பக்கமிருந்து எடுங்கள். முகம் தெளிவாக விழும்.

4. நம் தொழிலில் மாவும் வத்தல் தூசியும் எங்கும் படியும். எடுக்கும் முன் காமிராக் கண்ணாடியை மெல்லிய துணியால் துடையுங்கள்.

5. பிரிண்டின் பின்னால் பெயர், தேதி, இடம் மூன்றையும் பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பெயர் இல்லாத படம் முகவரி இல்லாத கடிதம்.

6. செல்போன் தொலைந்தால் படமும் தொலையும். முக்கியமானவற்றை இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். பழைய நெகட்டிவ்களை ஈரம் படாமல் வையுங்கள். பூஞ்சை பிடித்தால் மீட்பது கடினம்.

7. அடுத்தவர் பில்லோ பேரேடோ படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு உறுப்பினரும் ஆண்டுக்கு ஒரு படம் சங்க அலுவலகத்தில் கொடுக்கலாம். திறப்பு விழாப் படம் வேண்டாம். சாதாரண வேலை நாளில், கடையில் இருக்கும் அத்தனை பேரும், பெட்டியடியில் இருப்பவர் முதல் கூட்டுபவர் வரை, பெயரோடு. பத்து வருடம் சேர்ந்தால் நம் கடைத்தெருவின் சரித்திரம் அதில் இருக்கும். செலவு என்று பார்த்தால் ஆளுக்கு ஒரு பிரிண்ட் கூலிதான்.

என் கடையில் இப்போது வேலை செய்யும் ஒன்பது பேரின் படமும் சுவரில் இருக்கிறது. அவரவர் விரும்பிய சட்டையோடு, அவரவர் விரும்பிய இடத்தில் நின்று எடுத்தவை. 27 வருடம் சுமந்தவருக்கு மட்டும் அந்தச் சுவரில் படம் இல்லை. அந்தக் குறையை இனி என்னால் தீர்க்க முடியாது. உங்கள் கடையில் அது நேராமல் பார்த்துக்கொள்ள உங்களுக்கு நேரம் இருக்கிறது. நாளைக் காலை கடை திறந்ததும், உங்களோடு அதிக வருடம் இருப்பவர் யாரோ, அவரிடமிருந்து தொடங்குங்கள்.