செல்லுக்கு விலையில்லை, அறைக்கு உண்டு

தலசீமியா என்ற பிறவி ரத்த நோயுள்ள குழந்தைகள் மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொண்டே வளர்கிறார்கள். அவர்களை அதிலிருந்து விடுவிக்க எலும்பு மஜ்ஜை மாற்று இருக்கிறது என்று மருத்துவர் சொன்னதும், பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி "எவ்வளவு ஆகும் டாக்டர்?" முழுதாகப் பொருந்தும் அண்ணனோ தங்கையோ இருந்தால் நம் நாட்டில் ஏறத்தாழ 10 முதல் 15 லட்சம் ரூபாய். கூடப்பிறந்த ஒருவர் அப்படிப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான். பாதிப் பொருத்தத்தோடு செய்தால் தொகை இன்னும் ஏறும்.

இதில் மஜ்ஜையிலுள்ள ஸ்டெம் செல்லுக்கென்று ஆகும் செலவு சொற்பம். தங்கையின் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த மஜ்ஜை ஒரு பையில் வருகிறது. ரத்தம் ஏற்றுவது போலவே ஏற்றுகிறார்கள், சில மணி நேரத்தில் முடிந்துவிடும். பணத்தைத் தின்பது அதற்கு முன்னும் பின்னும்தான். பழைய மஜ்ஜையை அழிக்க புசல்ஃபான் போன்ற கடும் மருந்துகள். புதிய செல்கள் வேர்பிடிக்க இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை குழந்தைக்கு நோய் எதிர்ப்பு கிட்டத்தட்ட இல்லை. காற்றை வடிகட்டி அனுப்பும் தனி அறை, கதிர்வீச்சு கொடுத்த பிளேட்லெட் பைகள், பூஞ்சைத் தொற்று வராமலிருக்க விலையுயர்ந்த மருந்துகள். காய்ச்சல் ஒன்று வந்தால் போட்ட கணக்கு புரண்டுவிடும். தங்கையின் செல்கள் அண்ணன் உடம்பையே தாக்கத் தொடங்கினால் மாதக்கணக்கில் மருந்து. மருத்துவமனை அருகே பிடித்த வாடகை வீடும் அப்பா இழந்த சம்பளமும் எந்த பில்லிலும் ஏறுவதில்லை.

இருந்தாலும் இதற்குக் கைகொடுக்க ஆள் உண்டு. கோல் இந்தியா நிறுவனம் 2017இல் தொடங்கிய திட்டத்தில் தகுதியுள்ள தலசீமியா குழந்தைக்கு 10 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. வேலூர் சிஎம்சியும் அந்தத் திட்டத்தின் மருத்துவமனைப் பட்டியலில் இருக்கிறது. தமிழக முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் மஜ்ஜை மாற்றுக்கு இடமுண்டு. நகையை அடகு வைக்கும் முன் மருத்துவமனையின் சமூகப் பணியாளரைப் பாருங்கள். எந்த மனு எங்கே போக வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

இதே நோய்க்கு அமெரிக்காவில் விற்கும் காஸ்கெவி சிகிச்சையின் விலை 22 லட்சம் டாலர், 18 கோடி ரூபாய்க்கு மேல். நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லையே எடுத்து, மரபணுவைத் திருத்தித் திருப்பி ஏற்றுகிறார்கள். அங்கும் அதே புசல்ஃபான், அதே தனி அறை. அந்தச் செலவு 22 லட்சத்தில் சேராது!

எட்டாத விலை அது. என்னை அதைவிட உறுத்துவது இரண்டு மூன்று லட்சத்துக்குக் கிடைக்கிற 'ஸ்டெம் செல் சிகிச்சை'. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், முதுகுத்தண்டு அடி என எல்லாவற்றுக்கும் விளம்பரம் வருகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டி நெறிகள் தெளிவாக இருக்கின்றன: ரத்த நோய்கள் போன்ற குறிப்பிட்ட சிலவற்றுக்கான மஜ்ஜை மாற்றுதான் ஏற்கப்பட்ட சிகிச்சை. அதன்பின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதித்த ஓரிரு தயாரிப்புகளைத் தவிர, மற்றதெல்லாம் ஆய்வாக மட்டுமே நடக்கலாம். ஆய்வுக்கு வரும் நோயாளியிடம் அதற்காகப் பணம் வாங்கக் கூடாது. வீட்டை விற்று ஐந்தாறு 'சிட்டிங்' முடித்த குடும்பங்களுக்கு இந்த ஒரு விதியை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தொப்புள்கொடி ரத்தத்தைத் தனியார் வங்கியில் சேமிக்கச் சொல்பவர்களிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: தலசீமியாவோடு பிறந்த குழந்தையின் சொந்த ரத்தத்திலும் அதே குறை இருக்குமே, அது எப்படிக் குணமாக்கும்?

மஜ்ஜை மாற்று அல்லாத ஸ்டெம் செல் சிகிச்சை என்று யாராவது பேச்செடுத்தால், மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் எண்ணையும் நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதத்தையும் எழுத்தில் கேளுங்கள். "ஆய்வுதான், ஆனால் முன்பணம் கட்டணும்" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.