நோம்பிக்கு நிற்கும் மெஷின்

கம்பம் நட்டுவிட்டால் ஊரைவிட்டு வெளியே போய் ராத்தங்கக் கூடாது. கொங்கு நாட்டு மாரியம்மன் நோம்பியில் இது பழைய கட்டுப்பாடு. செவ்வாய்க்கிழமை பூச்சாட்டுவார்கள். மூன்றாகக் கிளை பிரிந்த பால் மரத்தை வெட்டி வந்து கோயிலுக்கு முன்னால் நடுவார்கள். அன்றிலிருந்து பொங்கல் வைத்து, மாவிளக்கு எடுத்து, மஞ்சள் நீராடி, கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றிலோ ஆற்றிலோ விடுகிற வரைக்கும் ஊர் அம்மனுக்குச் சொந்தம். விடியற்காலையில் பெண்கள் குடம் குடமாகக் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். ராத்திரியில் தப்பட்டை அடிக்கு ஆண்கள் அதைச் சுற்றி ஆடுவார்கள். சந்தைக்குப் போனவர்கூடப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார். பொங்கலன்று ஏரும் நிற்கும், தறியும் நிற்கும். யாரும் யாரிடமும் லீவு கேட்டதில்லை.

அவிநாசி, பெருமாநல்லூர், மங்கலம், பல்லடம் சுற்றுவட்டாரத்தில் இதை மாற்றியது நம்பிக்கைக் குறைவு அல்ல, பீஸ் ரேட். திருப்பூரில் 1920, 30களில் சின்னதாகத் தொடங்கிய பனியன் தொழில், 1970களின் கடைசியில் ஏற்றுமதிக்குத் திரும்பியதும், மானாவாரிக் காட்டில் மழையைப் பார்த்துக்கொண்டிருந்த வீடுகளிலிருந்து பிள்ளைகள் சைக்கிளில் கம்பெனிக்குப் போனார்கள். தைத்த உருப்படிக்குத்தான் கூலி. கை நின்றால் கூலியும் நிற்கும். காலை எட்டரைக்கு உட்கார்ந்து ஒன்றரை ஷிப்ட் ஓட்டினால் வீடு திரும்ப இரவு ஒன்பது தாண்டிவிடும். போதாக்குறைக்கு மாரியம்மன் நோம்பிகள் பெரும்பாலும் வருவது மாசி முதல் சித்திரைக்குள். ஐரோப்பாவின் கோடைக்கான சரக்கு தூத்துக்குடியில் கப்பலேற வேண்டிய காலமும் அதுதான். ஊரில் கம்பம் நட்டிருக்கும். கம்பெனியில் ஷிப்மென்ட் தேதி நெருங்கியிருக்கும். ராத்தங்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டை நைட் ஷிப்டில் நிற்பவர் எப்படிக் காப்பாற்றுவார்? இன்றும் கம்பத்தாட்டம் நடக்கிறது, நன்றாகவே நடக்கிறது. ஆனால் வேலைக்குப் போனவர்கள் திரும்பிய பிறகுதான் சூடுபிடிக்கிறது.

பழைய நோம்பிகளில் கம்பெனிக்குள்ளேயே இடம் பிடித்தது ஒன்றுதான்: ஆயுத பூஜை. ஏருக்கும் அரிவாளுக்கும் வைத்த பொட்டு ஓவர்லாக்குக்கும் பேட்லாக்குக்கும் போனது. அதற்கு முந்தின நாள் மத்தியானம் ஒரு தையல் செக்‌ஷனுக்குள் போய் நின்றால் தெரியும். ஏர் ஹோஸை வைத்து ஊத ஊத, மெஷின் இடுக்குகளில் மாதக்கணக்காய்ப் படிந்த பஞ்சுத் தூசு பல நிறத்தில் பறக்கும். ஊசித் தகட்டைக் கழற்றித் துடைப்பார்கள். பாபின் கேஸை எண்ணெய்த் துணியில் சுற்றி வைப்பார்கள். கட்டிங் மாஸ்டர் தன் கத்தரியை வேறு யாரையும் துடைக்க விடமாட்டார். கத்தரி, இஞ்சு டேப், சாக்குக்கட்டி, நூல் வெட்டும் ட்ரிம்மர் எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக ஏறும். கேட்டில் வாழைக்கன்று, மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம், கடைசியில் குங்குமம் தடவிய வெண்பூசணி வாசலில் உடையும். பொரி, கடலை, இனிப்புப் பொட்டலம் கைக்கு வரும். அன்றாடம் கண்ணெடுத்துப் பார்க்க நேரமில்லாமல் ஓட்டுகிற மெஷினை ஒரு டெய்லர் நின்று பார்ப்பது அன்று ஒருநாள்தான். அதனால்தான் இத்தனை மாற்றத்திலும் இந்தப் பூஜை குறையவே இல்லை என்று நினைக்கிறேன். இப்போது அதே மெஷினுக்கு வருஷத்தில் இரண்டு பூஜை நடக்கிற கம்பெனிகளும் உண்டு. ஒடிசா, பீகார், வங்காளத்துப் பிள்ளைகள் செப்டம்பர் 17 விஸ்வகர்மா பூஜையில் தங்கள் வழக்கப்படி மாலை போடுகிறார்கள்.

தீபாவளி கதை வேறு. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பெரிய நோம்பி என்றால் அது பொங்கலும் மாரியம்மனும்தான். வீட்டு எறவாணத்தில் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ சேர்த்துக் காப்புக் கட்டி, பட்டியில் மாடுகளுக்குப் பொங்கல் வைப்பதற்கு இருந்த பெருமை தீபாவளிக்கு இருந்ததில்லை. அதைத் திருப்பூரின் தலைநோம்பி ஆக்கியது போனஸ். 1965ஆம் ஆண்டு போனஸ் சட்டத்தில் குறைந்தபட்ச போனஸ் பின்னால் 8.33 சதவீதம் ஆனது. பீஸ் ரேட்டிலும் கான்ட்ராக்டிலும் இருப்பவர்களுக்கு அதை வாங்கித் தரத் தொழிற்சங்கங்கள் வருஷா வருஷம் கேட்டில் நின்று பேச வேண்டியிருந்தது, இன்றும் இருக்கிறது. பணம் கைக்கு வந்த அன்று சாயங்காலமே குமரன் ரோட்டிலும் புது மார்க்கெட் வீதியிலும் கால் வைக்க இடமிருக்காது. காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மீந்த சரக்கைக் குவித்து விற்பார்கள். தான் தைத்த மாதிரியான டி-சர்ட்டையே தம்பிக்கு எடுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு.

பிறகு ஊர் காலியாகும். கோவில்வழி பஸ் ஸ்டாண்டிலிருந்து மதுரை, தேனி, நெல்லைப் பக்கமும், பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து கரூர், திருச்சிப் பக்கமும் ஸ்பெஷல் பஸ்கள் விடிய விடியப் போகும். ரயில் நிலையத்தில் தன்பாத் எக்ஸ்பிரஸுக்குக் காத்திருக்கும் கூட்டத்துக்குப் பிளாட்பாரம் போதாது. அவர்களில் பீகாரிகளுக்குத் தீபாவளியோடு முடிவதில்லை. அதன் ஆறாம் நாள் சத் பூஜை. தண்ணீரில் இறங்கி நின்று, மறைகிற சூரியனுக்கு ஒருமுறை, மறுநாள் உதிக்கிற சூரியனுக்கு ஒருமுறை அர்க்கியம் கொடுத்தால்தான் விரதம் நிறையும். அதற்கு நீள லீவு வேண்டும், கிடைக்காதவர் இங்கேயே தண்ணீர் தேட வேண்டும்.

இந்த ஊரில் தண்ணீர் தேடுவது லேசான காரியம் இல்லை. ஆடிப் பதினெட்டுக்கு நொய்யலில் முளைப்பாரி விட்ட பெண்களின் பேத்திகள், அந்த ஆறு சாயத்தின் நிறத்தில் ஓடியதைத்தான் பார்த்து வளர்ந்தார்கள். பாசனத்துக்காக 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாகிப் போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகே சொட்டுக் கழிவுகூட வெளியே விடாத சுத்திகரிப்புக்குத் தொழில் மாறியது. நோம்பிக்கான நேரத்தைப் போலவே ஆற்றையும் நாம் தொழிலுக்குக் கொடுத்திருந்தோம். ஆறு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை.

நேரத்தைத் திரும்பக் கேட்பது அதைவிடச் சுலபம். தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டின் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம், குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி தவிர, சம்பளத்தோடு ஐந்து பண்டிகை நாட்களைத் தொழிலாளிக்குத் தருகிறது. அந்த ஐந்தும் எவை என்று எழுதிய தாள் வருஷா வருஷம் நோட்டீஸ் போர்டில் ஏறுகிறது. பொங்கல், ஆயுத பூஜை, தீபாவளி என்று பழகிய வரிசையிலேயே அது போகிறது. தையல் லைனில் பாதிப்பேர் பீகாரிகளாக இருக்கும் கம்பெனியில் சத் பூஜையின் அர்க்கிய நாளுக்கும், சுற்றுவட்டாரக் கிராமத்து ஆட்கள் நிறைந்த கம்பெனியில் மாரியம்மன் பொங்கல் வைக்கும் புதன்கிழமைக்கும் அதில் இடம் கொடுக்கலாம். அந்தத் தாளை டைப் அடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் சூப்பர்வைசர் ஒருவர் லைன் லைனாகப் போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும்.