பூனைக்கண் பிள்ளையும் பழ ஈயும்

கறுத்த விழிப் பெற்றோருக்குப் பூனைக்கண் பிள்ளை பிறந்தால் நமது மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களில் கதை கட்டுவோர் உண்டு. பெற்றவள் மனம் நோகும்.

கனிந்த பழத்தைச் சுற்றும் சின்ன ஈக்களைப் பாருங்கள். 1910இல் நியூயோர்க்கில் தோமஸ் ஹன்ட் மோர்கன் வளர்த்த அவ்வீக்களிடையே வெள்ளைக்கண் ஆண் ஒன்று தோன்றியது. செங்கண் பெண்ணுடன் சேர்த்தார். அநேகமாகக் குஞ்சுகள் எல்லாமே செங்கண். அடுத்த தலைமுறையில், ஆண்களில் ஏறக்குறையப் பாதிக்கு வெள்ளைக்கண் மீண்டது. செங்கண் தாய்மாரே அதை மறைவாகச் சுமந்திருந்தனர்.

மனிதரின் கண்ணிறத்தைப் பல மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. அங்கும் மறைந்த நிறம் பின்னால் வெளிப்படலாம்.

மனைவி கறுத்த பிள்ளை பெற்றதாகச் சந்தேகத்துடன் வந்தவரிடம், சிவந்த ஒட்டகங்களிடையே சாம்பல் நிற ஒட்டகம் எப்படி வந்தது என்று கேட்டு, மூதாதையர் வழியை நபி (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள்.

மாமிமாரே! மருமகளை ஐயுறுமுன் மூத்தம்மாக்களின் கண்களை நினைத்துப் பாருங்கள்.