பகலில் உறங்குபவரை எழுப்பாதீர்கள்!

சைதாப்பேட்டையில் மின்சார ரயில் ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் திரிசூலம்; எதிரே விமான நிலையம். உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ அங்கே பணிபுரிபவர் ஒருவர் இருக்கக்கூடும். விமானத்தினுள் உபசரிப்பவர், சுமை ஏற்றுபவர், பாதுகாப்புப் பணியாளர், துப்புரவுத் தொழிலாளி எனப் பலருக்கும் அங்கே இரவும் பகலும் ஒன்றுதான்.

இரவெல்லாம் உழைத்துக் காலையில் திரும்பிய மகன் பத்து மணிக்குப் படுத்திருந்தால், "இன்னும் என்ன தூக்கம்? ரேஷன் கடைக்குப் போய் வா" என்கிறோம். வாசகர்களே, அந்த உறக்கம் சோம்பல் அன்று. மறுநாள் பணிக்கு அவர் சேர்க்கும் முதல்.

மங்களூர் தந்த பாடம்

2010 மே 22 அன்று துபையிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரில் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 166 பேரில் 158 பேர் மாண்டனர். முறை தவறிய தரையிறக்கத்தைத் தலைமை விமானி கைவிடாததே நேரடிக் காரணம் என்றது விசாரணை மன்றம். பணிக்கு முன் போதிய ஓய்வு நேரம் அளிக்கப்பட்டிருந்தும் அவர் பயணத்தின்போது நெடுநேரம் உறங்கியதையும், விழித்தபின் நீடிக்கும் உறக்க மயக்கம் அவரது முடிவைப் பாதித்திருக்கலாம் என்பதையும் அது சுட்டிக்காட்டியது.

விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தும் விதிகள் 2024 ஜனவரியில் வெளியாயின; அந்த உயர்வு 2025 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. சட்டம் ஓய்வு நேரத்தைத் தரலாம். அந்த நேரத்தில் உறக்கத்தைத் தரவேண்டியது வீடுதான்.

உடலுக்குள் ஒரு கடிகாரம்

நம் மூளையில் ஒரு கடிகாரம் உண்டு. வெளிச்சத்தைக் கொண்டு அது நேரம் அறிகிறது. இரவு இரண்டு மணி முதல் ஆறு மணி வரை உடலின் வெப்பமும் விழிப்பும் தாழ்ந்திருக்கும். அவ்வேளையில் உழைப்பவர் தம் உடலை எதிர்த்தே உழைக்கிறார். பகலில் படுத்தாலும் இரவுபோல் ஆழ்ந்த, நீண்ட உறக்கம் எளிதில் வாய்ப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தால் வயிற்றுக் கோளாறு, நீரிழிவு, இருதய நோய் ஆகியவற்றுக்கு வழி திறக்கும்.

வானிலும் தரையிலும்

பறக்கும் விமானத்தினுள் காற்றழுத்தம் 8,000 அடி உயர மலையில் இருப்பது போன்ற அளவுக்குக் குறையலாம். உதகையைவிடவும் உயரம் அது! ஈரப்பதமும் மிகக் குறைவு. ஆகவே தாகம் எடுக்கும் முன்பே சிறிது சிறிதாக நீர் அருந்த வேண்டும். அடிக்கடி கால்களை அசைக்க வேண்டும். கடுமையான சளியுடன் பறந்தால் செவிப்பறை பாதிக்கப்படும்.

தரையில் சுமை தூக்குபவர் 32 கிலோ வரையுள்ள பெட்டியையும் கையாள நேரும். இடுப்பை முறுக்காமல், முழங்காலை மடக்கி, சுமையை உடலோடு அணைத்துத் தூக்குவதே முறை. எஞ்சின் இரைச்சலால் இழந்த செவிப்புலன் திரும்பாது. கொடுத்த காதடைப்பான் சட்டைப் பையில் இருந்து பயனில்லை.

இல்லத்தார் செய்ய வேண்டியவை

அவர் உறங்கும் அறையின் சன்னலுக்குத் தடித்த திரையிடுங்கள். கைப்பேசியை வெளியே வையுங்கள். குக்கர் விசிலையும் தொலைக்காட்சியையும் சற்றே அடக்குங்கள். விருந்தினர் வந்தால், "பிள்ளை உறங்குகிறார்" என்று தயங்காமல் சொல்லுங்கள். காலையில் வீடு திரும்புகையில் கருப்புக் கண்ணாடி அணிந்தால் உறக்கம் எளிதில் வரும். உறங்குவதற்கு ஆறு மணி நேரம் முன்பே தேநீரை நிறுத்திவிட வேண்டும். நள்ளிரவில் பிரியாணி வேண்டாம். எளிய உணவே போதும். பணிக்குப் புறப்படும் முன் இருபது நிமிடம் கண்ணயர்வது நலம்.

ரமளானில் கூடுதல் கவனம் தேவை. பயணிக்கும் நோயாளிக்கும் நோன்பைப் பிற நாள்களில் நோற்கும் சலுகையை மார்க்கமே வழங்கியுள்ளது. பறக்கும் பணியில் உள்ளவர் ஆலிமிடமும் நிறுவன மருத்துவரிடமும் முன்னரே ஆலோசிப்பது நன்று. தரைப் பணியாளர் ஸஹரில் நீரைக் குறைக்கலாகாது.

நாளை உங்கள் வீட்டுக் கதவு ஒன்று பகலில் சாத்தியிருந்தால், மெல்ல நடந்து செல்லுங்கள். உள்ளே உறங்குபவரின் விழிப்பை நம்பி நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வானில் பயணம் செய்யக் காத்திருக்கின்றன.