இரண்டு துளை, ஒரு கம்பி

மடவளை பஜாரில் ஒரு கலியாண வீட்டுக்குப் போனால் பிள்ளைகளின் காது வெளியில் தெரியாது. பெண்கள் மட்டும் இருக்கிற அறைக்குள் ஸ்காஃப் கழன்ற பிறகுதான் யார் எங்கே குத்தியிருக்கிறாள் என்பது வெளிச்சமாகும். அண்மைக்காலமாக நான் அதிகம் பார்ப்பது, மேல் காதில் குறுக்கே போகும் ஒரு நேர்க் கம்பி. முகப் பக்கமாக ஒரு துளை, வெளி ஓரத்தில் இன்னொன்று, இரண்டையும் கோத்து ஒரே கம்பி. பிள்ளைகள் அதற்கு இண்டஸ்ட்ரியல் என்று சொல்கிறார்கள்.

பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்க என்ன இருக்கிறது? எங்கள் மூத்தம்மாமார் காது ஓரம் நெடுக வரிசையாகக் குத்தி அலுக்குத்துப் போட்டவர்கள்தானே. மதுரை, திருநெல்வேலிப் பக்கத்துப் பாட்டிமாரும் மேல் காதில் கொப்பும் முருகும் போட்டார்கள். எத்தனை துளை அழகு என்ற வழக்கைத் தீர்க்க நான் ஆளில்லை. காது, மூக்கு, தொண்டை வார்டில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

இந்தக் கம்பி போட ஆசைப்பட்டு, பேராதனையில் படிக்கிற என் தங்கச்சி மகள் வந்து கேட்டது ஒரே கேள்விதான்: “பெரியம்மா, கனக்க வலிக்குமா?” வலி சில நொடி, அது போய்விடும். யார் குத்துகிறார், எதைக் கொண்டு குத்துகிறார், உன் காது அதற்குத் தோதா என்பவைதான் கேட்க வேண்டியவை.

காதுச் சோணை வெறும் சதையும் கொழுப்பும். இரத்தம் நன்றாக ஓடும் இடம், ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆறிவிடும். மேல் காது குருத்தெலும்பு. அதற்குள் இரத்தக் குழாய் கிடையாது. மேலே போர்த்தியிருக்கிற மெல்லிய உறையிலிருந்துதான் அதற்கு ஊட்டம் வருகிறது. கிருமி புகுந்து உறைக்கும் குருத்துக்கும் நடுவே சீழ் கட்டினால் ஊட்டம் நின்று குருத்து அழுகும். அழுகிய குருத்து திரும்ப வளராது. மடல் சுருங்கி, கோணி, கோவாப்பூ போல ஆகிவிடும். அப்படி ஒரு காதைக் கட்டுப் பிரித்துத் துடைத்தவர்களுக்கு இது விளையாட்டுப் பேச்சாகத் தோன்றாது.

அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில் 2000ஆம் ஆண்டு நடந்ததை எங்கள் ஊர்க் கடைக்காரர்களும் அறிந்திருக்க வேண்டும். நகைகள் விற்கும் ஒரு சிறு கடையில் மேல் காது குத்திக்கொண்டவர்களில் ஏழு பேருக்கு சூடோமோனாஸ் என்ற கிருமி உறுதியானது. இன்னும் 18 பேருக்குச் சந்தேகம். சிலரை ஆஸ்பத்திரியில் சேர்த்து அறுவை செய்ய வேண்டி வந்தது. தேடிப் பார்த்தால், கிருமிநாசினி வைத்திருந்த போத்தலிலேயே கிருமி இருந்திருக்கிறது. குத்தியது ஸ்பிரிங் வைத்த துவக்கால். சூடோமோனாஸ் தண்ணீர்க் குழாயிலும் ஈரத்திலும் வாழ்கிற கிருமி. ‘டெட்டோல் போட்டுத் துடைத்தேன்’ என்ற பேச்சு இதற்குப் போதாது.

நகைக்கடையிலும் சலூனிலும் இருக்கிற அந்தத் துவக்கை மேல் காதுக்கு வைக்க விடாதீர்கள். மழுங்கிய தோட்டை அது பலவந்தமாக அடித்து ஏற்றுகிறது. குருத்து நசுங்கும், சிலவேளை வெடிக்கும். பெரும்பாலும் பிளாஸ்டிக் உடம்பு என்பதால் நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைக்கவும் முடியாது. உலகெங்கும் தொழில்முறையில் குத்துபவர்கள் பாவிப்பது உள்ளே குழலாக இருக்கும் ஊசி: உங்கள் கண்முன் உறை பிரித்து, ஒருமுறை குத்தி, கூரான கழிவுகளுக்கான பெட்டியில் போட்டுவிடுவார்கள். மற்றக் கருவிகள் ஆட்டோகிளேவில் 121 பாகையில் கால் மணி நேரமாவது நீராவியில் இருந்திருக்க வேண்டும். எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்று கேட்டால் நல்ல கடைக்காரர் கோபிக்க மாட்டார்.

காது தோதா என்று பார்க்க நான் வீட்டில் செய்வது ஒரு வேலை. சுத்தமான ஈர்க்குத் துண்டு ஒன்றை மேல் காதின் குறுக்கே, கம்பி வரும் இடத்தில் வைத்துப் பார்ப்பேன். மடலின் நடுமேடு ஈர்க்கில் முட்டினால் அந்தக் காதுக்கு நேர்க் கம்பி வேண்டாம். முட்டுகிற இடத்தில் கம்பி இரவும் பகலும் உராய்ந்து புண் ஆறாது. வெளி ஓரம் நன்றாக மடிந்து சுருண்டிருக்கவும் வேண்டும்; தட்டையான ஓரத்தில் பிடிமானம் இல்லை. பண்டைய ஆயுர்வேத வைத்தியர் சுசுருதரும் காது குத்துவதற்குச் சூரிய ஒளி ஊடுருவித் தெரிகிற மெல்லிய இடத்தைத்தான் சொன்னார், நாளங்களில் குத்தினால் வரும் கேட்டையும் எழுதி வைத்தார். அவர் சொன்னது சோணையைப் பற்றி. இடம் பார்த்துக் குத்து என்ற புத்தி மேல் காதுக்கும் பொருந்தும்.

தங்கச்சி மகளைக் கூட்டிக்கொண்டு கண்டி டவுனுக்குப் போனேன். முதல் கடையில் பார்த்தவுடனே “செய்யலாம், உட்காருங்க” என்றார்கள். எழும்பி வந்துவிட்டோம். அடுத்த கடைப் பொடியன் கையைக் கழுவி, கையுறை போட்டு, காதை விரலால் மடித்து மடித்துப் பார்த்தான். கெலொயிட் தழும்பு வீட்டில் யாருக்காவது உண்டா என்று கேட்டான். எங்கள் நிறத்து ஆட்களுக்கு அது கூடுதல், கேட்க வேண்டிய கேள்விதான். ஊதா மையால் இரண்டு புள்ளி வைத்து, அவளை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, கண்ணாடியில் பார்த்துவிட்டு அழித்தான். மறுபடி வைத்தான். கம்பி சாய்ந்து நின்றால் பிறகு திருத்த வழியில்லை, ஆகவே இந்தத் தாமதத்துக்குக் காசு கொடுக்கலாம். ஒரே கம்பிக்குப் பதில் இரண்டு தனித் தோடு போட்டு, இரண்டும் ஆறிய பிறகு கம்பி மாட்டும் வழியும் உண்டு என்றான். எனக்கு அதுதான் பிடித்தது. ஒரே கம்பியில் ஒரு துளை இழுபட்டால் மற்றதும் சேர்ந்து நோகும்.

உலோகத்தில்தான் எங்கள் பெண்கள் தவறிப் போவது. 22 கரட் பவுண் நல்லது என்று நினைப்பு. புதுப் புண்ணுக்கு அது மிருது. கீறல் விழும், கீறலில் அழுக்குச் சேரும். கவரிங் என்றால் நிக்கல் ஒவ்வாமை வரலாம். உடம்புக்குள் பொருத்தும் தரத்து டைட்டானியம், ஏ.எஸ்.டி.எம். எஃப்136 என்று எழுதியிருப்பது, பாதுகாப்பானது. முதல் கம்பி கொஞ்சம் நீளமாக இருக்கும், வீங்குவதற்கு இடம் வேண்டுமே. வீக்கம் இறங்கியதும் போய் அளவான கம்பிக்கு மாற்ற வேண்டும். விட்டால் கம்பி ஆடி ஆடிப் புண் படும்.

ஆறுவதற்கு ஆறு மாதம் முதல் ஒரு வருஷம், சிலருக்கு அதற்கு மேலும். அந்தக் காலம் முழுக்க 0.9 சதவீத உப்புக் கரைசலால், அதாவது நார்மல் சேலைனால், கழுவி உலரவிட்டால் போதும். மஞ்சள், தேங்காய் எண்ணெய், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெரொக்சைட் ஒன்றும் வேண்டாம். தோட்டைத் திருப்பவும் வேண்டாம். அது பழைய பழக்கம், ஆறுகிற தோலைக் கிழிக்கும். அந்தப் பக்கம் படுக்கக் கூடாது. மகாவலியில் முங்கிக் குளிப்பதையும் அதுவரை மறக்க வேண்டும்.

எங்கள் பிள்ளைகளுக்கென்று சில சங்கதி உண்டு. ஸ்காஃபை இறுக்கிக் கட்டினால் கம்பி நாள் முழுக்க அழுந்தும், உள்ளே வியர்க்கும். மெல்லிய பருத்தித் துணியைத் தளர்வாகக் கட்டுங்கள், தினமும் மாற்றுங்கள், ஊசியைக் காதுக்குத் தூரமாகக் குத்துங்கள். வுழூச் செய்யும்போது காதைத் தடவுவது ஷாபிஈ மத்ஹபில் சுன்னத்து. கையைக் கழுவித்தானே தொடங்குகிறோம், பிறகு புண்ணில் விரல் பதியாமல் மெதுவாகச் செய்யலாம். சந்தேகம் இருந்தால் ஒரு ஆலிமிடம் கேளுங்கள்.

முதல் நாட்களில் கொஞ்சம் சிவப்பும் வெள்ளை நீரும் வழமை. மேல் காது முழுவதும் சிவந்து, கொதித்து, வீங்கி, சோணை மட்டும் சாதாரணமாக இருந்தால் அது குருத்தின் உறை அழற்சி. சோணையில் குருத்து இல்லாததால் அது தப்பிக்கிறது. பார்மசியில் அமொக்ஸிசிலின் வாங்கிப் போட்டுவிட்டு வீட்டில் இருக்க வேண்டாம். சூடோமோனாஸ் அதற்கு அசையாது, வேறு மருந்து தேவை. தோட்டைக் கழற்றுவதா விடுவதா என்பதை டாக்டர் சொல்லட்டும். கண்டி தேசிய வைத்தியசாலை மடவளையிலிருந்து தூரமில்லை. உம்மாவுக்குத் தெரியாமல் குத்தியிருந்தாலும், பயத்தில் ஸ்காஃபுக்குள் மறைத்துக்கொண்டிருக்காமல், அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.