ஈ பிடிக்கும் செடிக்கு எந்த மண்?

செடி வாடுகிறதே என்று இரக்கப்பட்டு ஒரு பிடி எருவை அள்ளிப் போட்டீர்களோ, போயிற்று! ரோஜாவுக்கும் மல்லிகைக்கும் அமிர்தமாக இருப்பது அழுகண்ணிக்கு நஞ்சு.

அழுகண்ணியைப் பார்த்திருக்கிறீர்களா? மழைக்குப் பின் ஈரம் தங்கும் மணல் தரையில், ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்பு வட்டமாகப் படுத்திருக்கும். இலை முழுவதும் மயிர்கள். ஒவ்வொரு நுனியிலும் பனித்துளி போல் ஒரு சொட்டுப் பசை. ஏமாந்து வந்து உட்காரும் கொசு ஒட்டிக்கொள்ளும். மயிர்கள் வளைந்து அமுக்கும், அப்புறம் ஜீரணந்தான். இந்த இனத்துச் செடிகளைப் பல வருஷம் ஆராய்ந்த டார்வின், பூச்சி தின்னும் செடிகளைப் பற்றி 1875-ல் தனிப் புத்தகமே வெளியிட்டார்.

செடிக்கு ஏன் இந்த அசைவம் என்கிறீர்களா? அது வளரும் மண் புளிப்பு மண். தழைச்சத்து மிகக் குறைவு. வேருக்குக் கிடைக்காததை இலை சம்பாதிக்கிறது. அப்படிப் பழகிய வேருக்கு உப்பும் சுண்ணாம்பும் ஆகவே ஆகாது.

புளிப்பை ‘பி.எச்.’ என்ற எண்ணால் அளக்கிறார்கள். 7 நடுநிலை. ஓர் எண் இறங்கினால் புளிப்பு பத்து மடங்கு ஏறும். அழுகண்ணிக்கு 4 முதல் 5½ வரை இருந்தால் சுகம்.

உரம் கலக்காத ‘பீட் மாஸ்’ என்ற மக்கிய பாசி இயல்பிலேயே புளிப்பு. அதில் ஒரு பங்கு, கழுவிய ஆற்று மணலில் ஒரு பங்கு கலந்தால் போதும். மணலில் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் கிளிஞ்சல் சுண்ணாம்பு இருக்கிறது, வேண்டாம். கடற்கரை மணலை நினைக்கவே நினைக்காதீர்கள்.

மண்ணை இவ்வளவு பார்த்துவிட்டு, தண்ணீரில் கோட்டை விட்டவள் நான். ஆழ்குழாய்க் கிணற்று நீரை ஊற்றினேன். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து புளிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக முறித்துவிட்டது, முளைகள் கறுத்தன. எலுமிச்சம்பழம் பிழிந்தும் பார்த்தேன். இரண்டு நாள் பலன், பிறகு பழைய கதை! கந்தகத் தூள் போடலாமே என்பார்கள். மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அதை அமிலமாக்க வாரக் கணக்கில் ஆகும். விதைத் தொட்டிக்கு அது சரிப்படாது.

மழை நீர்தான் மருந்து. மாடியிலிருந்து குழாய் வழியே வருவதைப் பிடிக்காதீர்கள். சிமெண்டுத் தளத்தின் சுண்ணாம்பு அதில் இறங்கியிருக்கும். திறந்த வெளியில் வாளியை வையுங்கள். மழை இல்லாத மாதங்களில் வாலை வடித்த நீர் வாங்கலாம்.

விதை மூக்குப்பொடி போலிருக்கும். ஈர மண்மேல் தூவுங்கள். மூடக்கூடாது, வெளிச்சம் வேண்டும். தொட்டியை ஒரு விரற்கடை நீருள்ள தட்டில் வைத்து, மேலே கண்ணாடி ஒன்றைச் சற்றே திறந்தாற்போல் சாத்துங்கள். முளைக்க ஒரு மாதம்கூட ஆகலாம். அவசரப்பட்டுக் கிளறாதீர்கள்.

நடுவில் சந்தேகம் வந்தால், தட்டில் வடிந்த நீரில் செம்பருத்திப்பூ ஊறிய சாற்றைச் சில சொட்டு விடுங்கள். துல்லியமாகச் சொல்லாதுதான். ஆனால் பச்சைச் சாயல் அடித்தால், மண் காரப் பக்கம் போய்விட்டது என்று பொருள். அந்தத் தட்டு நீரைக் கொட்டிவிட்டு, மேலிருந்து மழை நீரை நாலைந்து தடவை ஊற்றி வடியவிடுங்கள்.